விளையாட்டின் உரிப்பொருள்

1

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத வருகிறவன் முதலில் ஒரு சமாதானம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம் வட்டத்தில் இருக்கிறது. என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. சினிமாவைப் பற்றி எழுதியவர்களிடமும் ஒரு காலத்தில் இதையே கேட்டார்கள். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று எண்ணி, அவற்றுள் ஒன்றாக விளையாட்டை வைக்கிறது. உரியியலில், விளையாட்டு என்ற பொருள் தரும் சொற்களாகக் கெடவரல், பண்ணை இரண்டையும் குறிக்கிறது. நான் பாங்க் குமாஸ்தாவாக இருக்கும் மரக்காணத்துக் கரையில் பண்ணை என்றால் இறால் பண்ணை. அந்தப் பழம்பொருள் அங்கே யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் இலக்கணம் எழுதியவன் யோசிக்கத் தகுந்ததென்று கருதிய ஒன்றை, இலக்கியம் எழுதுகிற நாம் குழந்தைகளின் கெட்ட பழக்கம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்பது கொஞ்சம் விசித்திரமாகப் படுகிறது.

பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்யும் விளையாட்டுகளைப் பற்றி நான் பேசவில்லை. அவை நம் வியாபாரப் பத்திரிகைகளின் தொடர்கதைகளுக்குச் சமானம். அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதைத் தொடர்கதைகளைப் பற்றிச் சொல்லும்போதே சொல்லியாகிவிட்டது. நான் எடுத்துக்கொள்வது, விளையாட்டின் மேல் பிரியம் கொண்டவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் போட்டிகளை. 2002இல் ஜெஃப் ஹௌலண்ட் என்பவர் ஆரம்பித்த லுடும் டேர் இவற்றில் மூத்த ஒன்று. ஒரு கருப்பொருள் அறிவிக்கப்படும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஒரே ஆள், படம், ஒலி, நிரல் எல்லாவற்றையும் தானே புதிதாகச் செய்து அனுப்ப வேண்டும். போலந்துக்காரரான ஆன்ட்ஜேய் மாசூர் 2012இல் ஆரம்பித்த ஜேஎஸ்13கே என்பது இன்னொன்று. அதில் அவகாசம் ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை, ஒரு மாதம். ஆனால் விளையாட்டு பிரௌசரில் ஓட வேண்டும். ஸிப் செய்து சுருக்கிய பிறகு 13 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. அதாவது 13,312 பைட். கைப்பேசியில் எடுத்த ஒரு சாதாரணப் புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. வெளியிலிருந்து எதையும் கடன் வாங்கிக்கொள்ளவும் அனுமதி இல்லை.

இவற்றை நடத்துகிறவர்களும் இவற்றில் கலந்துகொள்கிறவர்களும் ரசிகர்கள். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்குக் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன் என்ற அர்த்தம் நிலைத்துவிட்டது. இந்தப் போட்டிகளில் ரசிகன் என்றால், தான் ரசித்ததைத் தன் கையால் செய்து பார்க்கிறவன். செய்து பார்த்ததைத் தன்னைப் போன்றவர்கள் முன்னால் வைக்கிறவன். லுடும் டேரில் அனுப்பியவர்களே ஒருவர் மற்றவருடையதை ஆடிப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். எழுதுகிறவர்களே வாசகர்களாகவும், வாசகர்களே விமர்சகர்களாகவும் இருக்கும் இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’வைத் தொடங்கியதிலிருந்து நம்முடைய காரியம் நடந்துவருவது இப்படித்தான். இதன் லட்சணங்களும் நோய்களும் இரண்டு இடத்திலும் ஒன்றே: பணம் இல்லாததால் வரும் சுதந்திரம், வட்டம் சிறியதாக இருப்பதால் வரும் பரஸ்பர முதுகு சொறிதல், சரக்கு சீக்கிரம் காணாமல் போவது.

காணாமல் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது வருஷங்களுக்கு மேல் பிரௌசர் விளையாட்டுகளில் பெரும்பகுதி ஃப்ளாஷ் என்ற மென்பொருளை நம்பியே இருந்தது. அதைக் கொடுத்துவந்த அடோபி கம்பெனி 2020 டிசம்பர் 31உடன் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. ஆயிரக்கணக்கான சிறு விளையாட்டுகள் ஒரே நாளில் திறக்க முடியாத பெட்டிகளாயின. அவற்றைச் சேகரித்து மறுபடி ஓடும்படி செய்ய 2018இலேயே ஃப்ளாஷ்பாயின்ட் என்ற முயற்சியைத் தொடங்கியவர்களும் ரசிகர்கள்தான். நம் பழைய இதழ்களின் ஒற்றைப் பிரதியைப் பரணில் கரையானிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கும் ஆசாமியை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

2

13 கிலோபைட் என்பதைக் கேட்டதும் யாப்பு நினைவுக்கு வரும். யாப்பை உதறிய பரம்பரை நாம். வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடிந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம், சொல்ல வந்ததற்கும் சொன்னதற்கும் நடுவே நிற்கிறது என்று வாதாடியவர்கள். இப்போது உலகத்தின் பல மூலைகளிலிருந்து இளைஞர்கள் யாரும் கட்டாயப்படுத்தாமல் ஒரு நிர்ப்பந்தத்தை வலியத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். இதைப் பார்த்து, பார்த்தீர்களா, கட்டுப்பாடு இல்லாமல் கலை இல்லை என்று நம் மரபுக் கவிஞர்கள் மார்தட்டினால் அது அவசரம். கட்டுப்பாடு தன்னளவில் ஒரு குணமல்ல. நாகபந்தமும் ரதபந்தமும் கட்டுப்பாடுகள்தான். அவற்றில் புலவனின் சாமர்த்தியம் தெரிகிறது, வேறொன்றும் தெரிவதில்லை.

இந்தப் போட்டிக்கு வரும் விளையாட்டுகளிலும் கணிசமானவை சித்திரகவிகள். முப்பரிமாண உலகத்தைப் பதின்மூன்று கிலோபைட்டில் அடைத்துக் காட்டியிருக்கிறேன் பார் என்பதோடு அவற்றின் யத்தனம் முடிந்துவிடுகிறது. பத்து நிமிஷம் பிரமிக்கிறோம். பதினொன்றாவது நிமிஷம் அந்த உலகத்தில் செய்வதற்கு, சுடுவதையும் ஓடுவதையும் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. ஆனால் எஞ்சிய சிலவற்றில் இந்த நிர்ப்பந்தம் வேறொரு காரியத்தைச் செய்திருக்கிறது. படத்துக்கும் இசைக்கும் கதைக்கும் இடம் இல்லாததால், செய்தவன் தன் கையில் மிஞ்சிய ஒரே பொருளான விதியைப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

விதி என்று நான் சொல்வது தலைவிதியை அல்ல. ஆடுகிறவன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, செய்தால் என்ன ஆகும் என்பதைத்தான். கதைக்கு நடை எப்படியோ அப்படி விளையாட்டுக்கு விதி. விளையாட்டு தன் வாயால் சொல்வது எல்லாவற்றையும் விட விதியால் சொல்வதுதான் ஆடுகிறவன் மனதில் தங்குகிறது.

1904இல் எலிஸபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி ‘நிலச்சுவான்தாரின் ஆட்டம்’ என்ற பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நிலத்தை வைத்திருப்பதாலேயே ஒருவன் வாடகையில் கொழுப்பதும் மற்றவர்கள் ஓட்டாண்டியாவதும் எவ்வளவு அநியாயம் என்று காட்டுவது அவர் நோக்கம். ஹென்றி ஜார்ஜின் பொருளாதாரக் கொள்கையில் அவருக்குப் பிடிப்பு இருந்தது. அந்த ஆட்டம் கைமாறிக் கைமாறி, 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி வழியாக ‘மோனாப்பலி’யாக வெளிவந்தது. பலகை ஏறக்குறைய அதேதான். ஆனால் மற்றவர்களை ஓட்டாண்டியாக்குவதே வெற்றி என்ற விதி மட்டும் நின்றுவிட்டது. எதைக் கண்டித்துச் செய்யப்பட்டதோ அதையே கொண்டாடும் விளையாட்டாக உலகமெங்கும் பரவியது.

நம்மிடம் பல்லாங்குழி இருக்கிறது. பதினான்கு குழி, கொஞ்சம் சோழி அல்லது புளியங்கொட்டை. பெண்கள் பொழுது போக்கும் சமாசாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த ஆட்டத்தில் ஒரு விதியைக் கவனியுங்கள். ஒரு சுற்றில் தோற்றவள் அடுத்த சுற்றைத் தன்னிடம் மிஞ்சிய காயை வைத்தே தொடங்க வேண்டும். நிரப்ப முடியாத குழிகள் மூடப்படும். குழி குறைந்தவளுக்கு மேலும் ஜெயிக்கும் வாய்ப்புக் குறைகிறது. தோல்வி என்பது ஒரு சம்பவம் அல்ல, அடுத்த சம்பவத்துக்கான நிலைமை என்று இந்த விதி சொல்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் என் கவுண்டருக்கு நகைக் கடனுக்கு வருகிறவர்களைப் பார்க்கிறபோது, கடனைப் பற்றி நம் நாவல்கள் பல நூறு பக்கங்களில் சொல்ல முயன்றதை இந்த மூடிய குழி எவ்வளவு ஸ்தூலமாகச் சொல்லிவிட்டது என்று தோன்றும். வட்டி என்ற சொல் அந்த ஆட்டத்தில் எங்கும் வருவதில்லை.

3

இனி நம் மண்ணை வைத்துச் செய்யப்பட்ட விளையாட்டுகளுக்கு வருகிறேன். சிறுகதையில் நாம் சண்டை போட்டு ஓய்ந்த மண்வாசனைப் பிரச்னை இங்கே மறுபடி உயிரோடு எழுந்து நிற்கிறது.

புனே நாடிங் ஹெட்ஸ் கம்பெனி செய்து 2020இல் வெளிவந்த ‘ராஜி’ என்ற விளையாட்டில் கோட்டைகளும் கோயில்களும் சிற்றோவியங்களும் மிகுந்த சிரத்தையோடு தீட்டப்பட்டிருக்கின்றன. துர்க்கையும் விஷ்ணுவும் கதை சொல்கிறார்கள். ஆனால் ஆடுகிறவன் செய்வது என்ன? சுவர் ஏறுகிறான், தாண்டுகிறான், அரக்கர்களை வெட்டுகிறான். இதே காரியங்களைப் பாரசீக இளவரசனாகவும் கிரேக்க வீரனாகவும் அவன் முன்பே செய்தவன். இந்தியா இங்கே திரைச்சீலை. பக்கம் பக்கமாக வட்டார வழக்கில் பேசவைத்து, உள்ளே நகரத்து முக்கோணக் காதல் கதையை வைத்த நம் கிராமியக் கதைகளை இது ஞாபகப்படுத்துகிறது.

‘வெண்பா’ இதைவிட மேலான முயற்சி. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1988இல் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், வெண்பா, பாவலன் தம்பதி, அவர்கள் பிள்ளை கவின். தாயாரின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன படியை ஆடுகிறவன் யோசித்துக் கண்டுபிடித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதற்கு முதல் படைப்புக்கான பரிசைக் கொடுத்தது. சுயேச்சை விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரிய பரிசும் அந்த ஆண்டு இதற்கே. அழிந்த குறிப்பை ஊகித்துச் சமைப்பது என்ற எண்ணம் அசலானது. இங்கே மண் திரைச்சீலையாக நிற்கவில்லை, கைக்கு வந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. சமையலில் தப்புச் செய்தால் விளையாட்டு அன்போடு திருப்பிச் செய்யச் சொல்கிறது. மாவு தீர்ந்துபோவதில்லை, நேரம் போவதில்லை, எந்தக் குறிப்பும் நிரந்தரமாகத் தொலைவதில்லை. தொலைந்துபோவதைப் பற்றிய துக்கம் முழுவதும் சமையலுக்கு நடுவே வரும் பேச்சுக் காட்சிகளில் இருக்கிறது, விதியில் இல்லை. கதை இழப்பைச் சொல்கிறது, விளையாட்டு மீட்பைச் சொல்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்றோடு ஒன்று பேசாமல் இருக்கின்றன. வெண்பா என்று பெயர் வைத்துக்கொண்ட விளையாட்டில் வெண்பாவின் கறார் இல்லை என்றுதான் சொல்வேன்.

திணைக் கோட்பாட்டின் பாஷையில் இதைச் சொல்லிவிடலாம். முதல், கரு, உரி என்ற மூன்றில் ஒன்றைவிட ஒன்று சிறந்தது, உரியே தலையானது என்பது தொல்காப்பியத்தின் கட்சி. கடற்கரையும் எற்பாடும் முதல். உப்பு விளைத்தலும் தாழையும் கரு. இரங்கல் உரி. நம் விளையாட்டுகள் முதலையும் கருவையும் படமாக வரைந்து வைத்துவிட்டு, உரிப்பொருளை வேறு ஊரிலிருந்து தருவித்துக்கொள்கின்றன. விளையாட்டில் உரிப்பொருள் இருக்க வேண்டிய இடம் விதி. அது அங்கே இல்லையென்றால் எத்தனை தாழை வரைந்தும் நெய்தல் வராது.

4

இந்த எண்ணத்தை வெறும் எண்ணமாக வைத்திருக்காமல் பரிசோதிக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. எங்கள் ஊர் இளைஞர் ஒருவர், உப்பளத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் படித்தவர். 2024இல் ஜேஎஸ்13கேவுக்கு ஒரு விளையாட்டு அனுப்ப உத்தேசித்து, சொற்களுக்காக என்னிடம் வந்தார். அந்த ஆண்டுக் கருப்பொருள் 13 என்ற எண்ணின் மேல் மேற்கத்தியர்களுக்கு உள்ள பயம். நமக்கு அஷ்டமி, நவமி உண்டே தவிர பதின்மூன்றைப் பற்றிப் புகார் கிடையாது. தம்பி அதைப் பதின்மூன்று நாள் என்று எடுத்துக்கொண்டார். சீசன் முடிவில் பதின்மூன்று நாள். அதற்குள் என்றைக்கு வேண்டுமானாலும் மழை வரலாம். உப்பளத்தில் பயம் என்றால் அதுதான் பயம்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். படம் எடுக்கச் சௌகரியமான இடம். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இதை ஒட்டியதென்று அறிஞர்கள் சொல்வதுண்டு. பூமீஸ்வரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள், பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி என்று வரைவதற்கு எவ்வளவோ இருக்கிறது. பதின்மூன்று கிலோபைட் அத்தனையையும் வெளியே தள்ளியது. மிஞ்சியது சாம்பல் நிறச் சதுரங்கள், அவற்றில் மெல்ல நிறம் மாறும் தண்ணீர்.

அந்தத் தண்ணீருக்குள் ஒரு விதி முன்பே இருந்தது. கடல் நீரின் அடர்த்தி போமே அளவில் சுமார் 3 டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிடக் காயவிட அது ஏறும். வழியில் ஜிப்சம் படிந்து விலகும். சுமார் 25 டிகிரியில் உப்புப் பூக்க ஆரம்பிக்கும். 29, 30ஐத் தாண்டினால் மக்னீஷியம் உப்புகள் சேர்ந்து கசக்கும். அதற்கு முன்னால் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். சீக்கிரம் வாரினால் உப்பு தேறாது. தாமதித்தால் கசப்பு. இரண்டுக்கும் நடுவே காத்திருந்தால் மழை. வாரிய உப்பைக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடலாம், பாத்தியில் இருப்பதை மூட முடியாது. காத்திருப்பது, எடுப்பது, மூடுவது இந்த மூன்றுதான் ஆட்டம். எந்த நாவலாசிரியனும் கண்டுபிடிக்காத இந்த இறுக்கத்தை இயற்கையும் தொழிலும் சேர்ந்து செய்து வைத்திருந்தன. நாங்கள் எழுத்துப் பெயர்த்துக்கொண்டோம்.

அடுத்த கேள்விதான் சிக்கலானது. ஆடுகிறவன் யார்? அளத்தைக் குத்தகைக்கு எடுத்தவனா, கூலிக்கு வாருகிறவனா? முதலாளி என்று வைத்துக்கொண்டால் விளையாட்டு சுலபமாக ஓடும். ஆனால் அது மோனாப்பலிதான், வெள்ளை நிறத்தில். கூலி என்று வைத்தால் வேறொரு முடிச்சு விழுகிறது. விளையாட்டு என்பது தேர்வை நம்பிப் பிழைக்கும் வடிவம். அதைச் செய்யலாமா இதைச் செய்யலாமா என்று ஆடுகிறவன் யோசிக்க வேண்டும். உப்பளத்துக் கூலிக்குத் தேர்வு எத்தனை? எந்தப் பாத்தியை எப்போது வாருவதென்று அவன் சொல்வதில்லை, அவனுக்குச் சொல்கிறார்கள். தேர்வு இல்லாதவனைப் பற்றித் தேர்வால் ஆன வடிவம் என்ன சொல்லிவிட முடியும்? யதார்த்த நாவலைப் பற்றி நாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளைவிட இது கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு முழுப் பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

தம்பி ஒரு வழி செய்தார். திரையில் இரண்டு கணக்கு. ஒன்று குவியல், அது வளர்வது தெரியும், ஆனால் ஆடுகிறவனுடையது அல்ல. இன்னொன்று வேலை செய்த நாள். அது மட்டும் அவனுடையது. வாரினால்தான் நாள் கணக்கில் ஏறும். உப்பு முற்றட்டும் என்று காத்திருந்தால் குவியலுக்கு நல்லது, நாள் ஏறாது. நாளுக்காக அவசரப்பட்டு வாரினால் உப்பு மட்டம். மறுநாள் அவனுக்குத் திறக்கும் பாத்திகள் குறையும். சீசன் முடிந்து இரண்டாம் சுற்று வரும்போது, போன சுற்றில் இழந்த நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்தி மூடியிருக்கும். பல்லாங்குழியை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாட்டி ஆடிப் பார்த்திருக்கிறார். தேர்வு இருக்கிறது, சுருங்கிக்கொண்டே வருகிறது. சுருங்குவதைத்தான் விளையாட்டு சொல்கிறது. நல்ல உப்புக்கும் தன் கூலிக்கும் நடுவில் ஒருவனை நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவனுக்கே நஷ்டம் என்று உணரவைப்பதற்கு ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை.

இது செய்யாதவை இருக்கின்றன. பாத்தி மிதித்துப் புண்ணான காலை, வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போன கண்ணை, எந்த விதியாலும் ஆடுகிறவன் உடம்புக்குக் கொண்டுபோக முடியாது. அதற்குக் கவிதைதான் வேண்டும், அல்லது ஒன்றும் உதவாது. வடிவங்களுக்கு எல்லை உண்டு என்பது அவற்றை அலட்சியம் செய்யக் காரணமாகாது.

5

கடைசியாக மொழி. இங்கே தமிழ் ஒரு வரி கட்ட வேண்டியிருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரிந்திருக்காது. கம்ப்யூட்டரில் இன்று பரவலாக எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். அதிலும் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனிக் குறிகள். ஆங்கிலத்தில் உப்பு என்று எழுத நான்கு பைட் போதும். தமிழில் உகரம், பகரம், புள்ளி, மறுபடி பகரம், உகரச் சுழி என்று ஐந்து குறி, பதினைந்து பைட். ஸிப் செய்யும்போது இந்த வித்தியாசம் கொஞ்சம் சுருங்குகிறது, மறைவதில்லை. சுருக்கத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 13,312 பைட் முழுவதையும் சொல்லுக்கே கொடுத்தாலும் நாலாயிரத்து நானூறு சொச்சம் தமிழ்க் குறிகளுக்குத்தான் இடம். சிக்கனம் என்ற பெயரில் நம் கவிஞர்கள் சொல்லை வீணடிப்பதைப் பார்த்தவனுக்கு, சொல்லுக்கு நிஜமாகவே விலை போட்டிருக்கும் ஒரு இடம் ஆறுதலாக இருந்தது.

விளையாட்டில் மழை வந்த பின் என்ன எழுதுவது என்பதில் வாக்குவாதம் வந்தது. வழக்கப்படி ‘கேம் ஓவர்’ என்று ஆங்கிலத்தில் போட்டால் ஒன்பது பைட்டில் முடிந்துவிடும். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. “மழை வந்தா முடியணும் சார். ஆனா தோத்துட்டன்னு போடக் கூடாது. மழை வந்ததுக்கு நாம என்ன பண்ண முடியும்?” என்றார். ஜெயிப்பது, தோற்பது என்ற இரண்டு கதவுகள்தான் விளையாட்டுக்கு உண்டு என்று உலகம் வைத்திருக்கிறது. மூன்றாவதாக, வேலை நின்றுபோவது என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வெற்றி தோல்வியின் அகராதியில் சொல் இல்லை. அளத்தில் தினமும் புழங்கும் சொல் இருக்கிறது. ‘இன்று வேலை இல்லை’ என்று போட்டோம். பதினான்கு குறி, இரண்டு இடைவெளி, நாற்பத்து நான்கு பைட். அதற்காக மேகத்தின் நிழலை நிரலிலிருந்து எடுத்துவிட வேண்டியிருந்தது.

அடியில் ஆங்கிலத்திலும் போட்டுவிடலாம், ஆடிப் பார்க்கிறவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் யார் இருக்கப்போகிறார்கள் என்று நான் வாதாடினேன். தம்பியின் எதிர்வாதம் வேறு மாதிரி இருந்தது. பதின்மூன்று நாள் காத்திருந்து, வாரி, மூடி, நடுவில் மழையில் எல்லாம் கரைந்துபோன பிறகு அந்த எழுத்து என்ன சொல்கிறதென்று படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும்; தெரியவில்லையென்றால் விளையாட்டு சரியில்லை, மொழிபெயர்ப்பு அதைக் காப்பாற்றாது என்றார். விமர்சனம் எழுதுகிற எனக்கு இதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. தமிழிலேயே போயிற்று. போட்டியில் அது எந்த இடத்துக்கு வந்தது என்பது இந்தக் கட்டுரையின் விஷயம் அல்ல. அனுப்பி இரண்டரை மாதம் கழித்து, 2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. மழையைப் பற்றி எங்கள் விதி மிகையாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

தம்பி சொன்ன அந்த அளவுகோலை நம் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம் என்று படுகிறது. சொல்லும் படமும் பறிக்கப்பட்ட பிறகும் ஒரு சாம்பல் சதுரத்தில் மரக்காணம் மிஞ்சுகிறதா என்பது விளையாட்டுக்கு வைக்க வேண்டிய பரீட்சை. நம் கதைகளிலிருந்து வட்டார வழக்கையும் ஊர்ப்பெயரையும் தெய்வத்தின் பெயரையும் பதார்த்தங்களின் பட்டியலையும் எடுத்துவிட்டால், காரியங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விளையும் விதத்தில் அந்த ஊர் மிஞ்சுகிறதா? கரிசலும் நாஞ்சில் நாடும் தஞ்சாவூரும் என்று நாம் கொண்டாடும் படைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு இதைக் கேட்டுப் பார்க்கலாம். சிலவற்றில் மிஞ்சும். அவை எவை என்பதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்ள நமக்கு இந்தப் பக்கங்கள் இருக்கின்றன.